துப்புக்கூலி

ஒரு ஜமீனின் பரம்பரைப் பட்டம் தமிழில் வசைச்சொல் ஆகியிருக்கிறது. 'எட்டப்பன் வேலை பார்க்காதே' என்று சொல்பவருக்கு எட்டயபுரம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் சிவாஜி கணேசன் கட்டபொம்மன், வி.கே. ராமசாமி எட்டப்பன். தீர்ப்பு அன்றைக்கே எழுதியாகிவிட்டது. பாரதி பிறந்த ஊர், முத்துசுவாமி தீட்சிதர் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர் என்று எவ்வளவு சொன்னாலும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பெயர்தான். என் அம்மாவுக்கு அந்தப் பக்கம்தான் ஊர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊர்ப்பெயரைச் சொன்னதும் டீமில் இருந்த தமிழ்ப் பையன், "அப்போ உன்கிட்ட பாஸ்வேர்ட் சொல்லக் கூடாதுடா" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

எட்டயபுரம் அரண்மனைக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் முதலில் சில விஷயங்களைச் சரியாக அடுக்கிக்கொள்வோம். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். தூக்கிலிட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. 1799 அக்டோபர் 16 அன்று, கயத்தாற்றில். எட்டயபுரம் செய்தது வேறொன்று. 1799-லும் 1801-லும், பாஞ்சாலங்குறிச்சி மீது நடந்த இரண்டு போரிலும் கம்பெனிப் படையோடு வெளிப்படையாகக் கூட நின்று சண்டை போட்டது. அதற்குப் பரிசாகப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கும் வாங்கிக்கொண்டது. மணியாச்சி போன்ற வேறு பாளையங்களுக்கும் பங்கு கிடைத்தது.

இதில் ரகசியமாகக் காட்டிக்கொடுத்தது எதுவுமில்லை. எல்லோருக்கும் தெரிந்தே நடந்த போர். எனக்கு ரொம்ப நாளாக இருந்த கேள்வியும் அங்கேதான் தொடங்குகிறது. அரண்மனையில் முடிவெடுத்தவர் ஒருவர். ஆயுதம் தூக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ நூறு பேர். அவர்கள் யார்? கம்பெனிச் சிப்பாயைப் போல அவர்களுக்குச் சீருடை கிடையாது, பரேடு கிடையாது, மாதம் பிறந்தால் சம்பளமும் கிடையாது. சாதாரண நாளில் அவர்கள் வேலை வயலுக்குக் காவல் இருப்பது, களத்து மேட்டில் படுத்துக்கிடப்பது, களவு போன மாட்டைத் தேடிப் போவது. இன்றைய பாஷையில் சொன்னால், ராணுவத்தோடு போருக்குப் போன துணைக் காவல்படை. கட்டபொம்மன் கதையில் வசனமே இல்லாமல் நின்றவர்கள் இவர்கள்தான்.

*

தெற்குச் சீமையில் காவல் என்பது ஒரு உத்தியோகத்தின் பெயர் மட்டும் இல்லை. அது சொத்து, வாரிசுக்குப் போகும், பங்கு பிரியும், அதற்காக வெட்டுக்குத்தும் நடக்கும். ஓர் ஊரைக் காப்பது ஸ்தலக்காவல். பல ஊர்களையும் அவற்றுக்கு இடையே உள்ள பாதைகளையும் சேர்த்துக் காப்பது தேசக்காவல். பெரும்பாலும் தேசக்காவல் பாளையக்காரர் கையில் இருந்தது. அறுவடையில் இவ்வளவு, ஏருக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரார் அளப்பார்கள். பதிலுக்குக் காவல்காரர் தரும் உத்தரவாதம், இன்று எந்தப் போலீஸும் தராத ஒன்று: களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் அதன் மதிப்பைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. காவல்கூலி தராத ஊரில் மாடு காணாமல் போகும். மாடு எங்கே கட்டியிருக்கிறது என்று சொல்ல ஒருவர் வருவார். அவருக்குத் தருவது துப்புக்கூலி. திருடியவரும் துப்பு சொன்னவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தாலும் மாட்டுக்காரர் வாயைத் திறக்க முடியாது. கம்பெனிக் கலெக்டர்கள் காவலை வழிப்பறி என்றே எழுதினார்கள். அவர்களுக்கு அதில் சுயநலம் உண்டு. ஒரே விவசாயியிடம் இரண்டு பேர் வரி கேட்டால் ஒருவருக்குக் குறையத்தானே செய்யும்? அதற்காக அவர்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

நமக்கு வேண்டியது இந்த ஏற்பாட்டுக்கு உள்ளே இருந்த அறிவு. காவல்காரருக்குக் கால்தடம் தெரியும். எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் ஓடும், உடைமரக் காட்டுக்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு எந்த வழியாகப் போகலாம், எந்த ஊரில் யாருக்கு யார் சம்பந்தி என்பதெல்லாம் தெரியும். ஒருவன் பொய் சொல்லும்போது அவன் வீட்டுக்காரி எந்தப் பக்கம் பார்ப்பாள் என்பது வரை தெரியும். கரிசல் காட்டில் வெளியூர்ப்படை ஒன்று எவ்வளவு பீரங்கி வைத்திருந்தாலும், இந்த அறிவு இல்லாமல் ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த அறிவோடு ஒட்டிப் பிறந்தது பகை. காவல் எல்லை எங்கே முடிகிறதோ அங்கே அடுத்தவன் காவல் ஆரம்பிக்கும். எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் பக்கத்துப் பக்கத்துப் பாளையங்கள். இன்றைக்கு பைக்கில் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அருங்குளம், சுப்பலாபுரம் போன்ற எல்லைக் கிராமங்கள் யாருக்கு என்ற தகராறு, கம்பெனி நேரடியாக உள்ளே வருவதற்கு முன்பே இருந்தது. 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி வாங்கிக்கொண்டது. எல்லையை அளக்கிற வேலையும் அதோடு கம்பெனி கைக்குப் போனது. அளவை எட்டயபுரத்துக்குச் சாதகமாக முடிந்தது. அடுத்தவீட்டுச் சண்டைக்கு இப்போது ஒரு மூன்றாவது ஆள் கிடைத்துவிட்டார், கையில் சங்கிலியோடும் வரைபடத்தோடும்.

எட்டயபுரம் பிறவியிலேயே கம்பெனி விசுவாசி என்று நினைத்துவிட வேண்டாம். 1750-களில் கம்பெனிக்காக வரி வசூலிக்க வந்த யூசுப்கானின் படையை எதிர்த்து, எட்டயபுரம் பக்கம் நின்று உயிர்விட்டவர் அழகுமுத்துக்கோன் என்று அந்த வட்டாரத்தின் வரலாறு சொல்கிறது. தமிழக அரசே ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று அவருக்கு மரியாதை செலுத்துகிறது. ஐம்பது வருஷத்துக்குள் அதே பாளையம் எதிர்ப்பக்கம் நின்றது. இடையில் மாறியது ஒருவரின் ரத்தகுணம் இல்லை. கம்பெனி நிரந்தரமாகத் தங்கப் போகிறது என்ற கணக்கும், பக்கத்து வீட்டுக்காரனை ஒரு வழியாக முடித்துக்கட்டக் கிடைத்த வாய்ப்பும்தான்.

*

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தார். கம்பெனியின் பெரிய படைக்கு அதற்குப் பிறகுதான் தெற்கே திரும்பக் கை ஒழிந்தது. செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சி முன்னால் வந்து நின்றார். மைசூர்க் கோட்டையைப் பிடித்த கம்பெனிக்கு இந்த மண்கோட்டை ஒரு காலைச் சோலி என்ற நினைப்பு. கதவை உடைத்து உள்ளே நுழையப் பார்த்தார்கள். முடியவில்லை. அதிகாரிகள் பலர் வாசலிலேயே விழுந்தார்கள்.

கோட்டை அப்படியே தாங்கியிருக்க முடியாது என்று கட்டபொம்மனுக்கும் தெரியும். கூடுதல் படையும் பீரங்கியும் வருவதற்குள் ஆட்களோடு வெளியேறினார். கம்பெனியின் முறையான படை செய்யத் தெரிந்த வேலை அத்தோடு முடிந்தது. கோட்டையை முற்றுகையிடலாம், வெட்டவெளியில் ஓடுகிறவனை எப்படி முற்றுகையிடுவது?

அங்கே எட்டயபுரத்து ஆட்கள் தேவைப்பட்டார்கள். போன வழியைத் தொடர்ந்து போய்க் கோலார்பட்டியில் மோதினார்கள். கடுமையான சண்டை. கட்டபொம்மன் தப்பினார். அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையும் இன்னும் பலரும் பிடிபட்டார்கள். செப்டம்பர் 13 அன்று பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கில் போட்டார்கள். அதன்பின் புதுக்கோட்டைக் காடு, தொண்டைமான், கயத்தாறு.

ராணுவம் சுவரை இடிக்கிறது, காவல் ஆளைப் பிடிக்கிறது. இந்த வேலைப் பிரிவினை அதிகாரப்பூர்வமான எந்த உத்தரவிலும் இருந்திருக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக மாடு தேடிப் பழகியவர்கள் இப்போது மனிதர்களைத் தேடினார்கள். துப்புக்கூலி இந்த முறை நிலமாக வந்தது. வாங்கிக்கொண்டது அரண்மனை.

*

1801-ல் அதே நாடகம் இன்னும் பெரிதாக நடந்தது. பிப்ரவரி 2 அன்று மாலை, பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் ஆங்கிலேயர்கள் கூடியிருந்த நேரத்தில், ஊமைத்துரையும் மற்றவர்களும் சிறையிலிருந்து தப்பினார்கள். தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுப்பினார்கள். கரிசல் மண், கம்பந்தட்டை, நூற்றுக்கணக்கான கைகள். கம்பெனி அதிகாரிகளால் நம்பவே முடியவில்லை.

மார்ச் 31 அன்று மெக்காலேயின் படை தாக்கியது. மறுபடியும் தோல்வி. முன்வரிசையில் ஏறிய ஐரோப்பியச் சிப்பாய்களில் பாதிக்கு மேல் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். கம்பெனி பின்வாங்கி, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் முகாம் போட்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின் கர்னல் அக்னியு கூடுதல் படையோடும் பீரங்கியோடும் வந்து சேர்ந்தார். மே 24 அன்று கோட்டை விழுந்தது.

இந்த இரண்டு தாக்குதலிலும் எட்டயபுரத்து ஆட்கள் கூட இருந்தார்கள். அதை எழுதிவைத்தவர் ஜேம்ஸ் வெல்ஷ். அன்று இளம் அதிகாரி. 1830-ல் தன் ராணுவ நினைவுகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். எட்டயபுரத்தாரைப் பாஞ்சாலங்குறிச்சியின் பரம்பரைப் பகையாளிகள் என்று அவர் அடையாளம் காட்டுகிறார். இந்தப் பகைதான் கம்பெனிக்குக் கிடைத்த சகாயம் என்பதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

வெல்ஷ் பதிவு செய்த ஒரு சம்பவத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கோட்டை விழுந்த பிறகு தப்பி ஓடியவர்களைத் துரத்தி வெட்டினார்கள். வெளியே பிணக்காடு. பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடி வந்தார்கள். ஒரு தாய்க்குத் தன் மகன் குற்றுயிராகக் கிடைத்தான். அவன், என்னை விடு ஆத்தா, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்றான். சாமி என்று அவன் சொன்னது ஊமைத்துரையை. அந்தப் பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனார்கள். தேடிக்கொண்டு எட்டயபுரத்து ஆட்கள் அங்கேயே வந்துவிட்டார்கள். பெண்கள் சட்டென்று ஊமைத்துரை மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள். என்ன என்று கேட்டதற்கு, பையன் அம்மை போட்டுச் செத்துப்போனான் என்றார்கள். வந்தவர்கள் ஊரை விட்டே ஓடினார்கள்.

இந்தச் சம்பவத்தை நம்மவர்கள் பெரும்பாலும் பெண்களின் சமயோசிதத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான். அதற்கு உள்ளே இன்னொன்றும் இருக்கிறது. பல்லாயிரம் ஏக்கர் கரிசலில், எந்தக் கிராமத்தில் எந்தத் திண்ணையில் தேட வேண்டும் என்று எட்டயபுரத்தாருக்குத் தெரிந்திருந்தது. கம்பெனியின் குதிரைப்படைக்குத் தெரியாது. ஒப்பாரி கேட்டால் நின்று விசாரிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அம்மை என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றும் தெரிந்திருந்தது. அம்மை குத்தும் தடுப்பு மருந்து இந்தியாவுக்கு வந்ததே 1802-ல்தான். அன்று அம்மை என்றால் மாரியாத்தாள் வந்திறங்கியிருக்கிறாள், கிட்டப் போனால் உன் பிள்ளைகளுக்கும் வரும். தமிழ் தெரியாத ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வந்திருந்தால் ஒப்பாரியைக் காதிலேயே வாங்காமல் துணியைத் தூக்கிப் பார்த்திருப்பான். எந்த அறிவு அவர்களை அந்தத் திண்ணை வரைக்கும் கூட்டிவந்ததோ, அதே அறிவு அவர்களைத் திருப்பி அனுப்பியது. இரண்டு தரப்பும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே பயம்.

துணியைத் தூக்காத அந்தக் கணத்தால் போர் இன்னும் ஐந்து மாதம் நீண்டது. ஊமைத்துரை சிறுவயலுக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். காளையார்கோவில் அக்டோபர் 1-ல் விழுந்தது. மருது சகோதரர்களை அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரையை நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் மிச்சம் இருந்த கைதிகள் எழுபதுக்கு மேற்பட்டவர்களைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

*

ஜெயித்த பக்கம் நின்ற காவல்காரருக்கு என்ன கிடைத்தது?

ஐ.டி. துறையில் இருப்பவர்களுக்கு கே.டி. என்றால் தெரியும், நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். பழைய சிஸ்டத்தைப் பத்து வருஷமாகக் கட்டி மேய்த்தவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்வார்கள். எழுதி முடித்த மாதம் அவருக்கு ஒரு மெயில் வரும். 1801-க்குப் பின் காவல்காரருக்கு வந்தது அந்த மாதிரி ஒரு மெயில்தான். டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்பகுதி முழுக்க ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது. எதிர்த்தவன், கூட நின்றவன் என்ற வித்தியாசம் நாளாக நாளாகக் கரைந்துபோனது. 1802-ல் வந்த நிரந்தர நிலவரித் திட்டம் பாளையங்களை ஜமீன்களாக மாற்றியது. படை வைத்திருந்தவர் வரி வசூலித்துக் கட்டுபவர் ஆனார். 1816-ல் சென்னை மாகாணத்தின் 11-ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்க்காவலைக் கிராமத் தலைவர், தலையாரி என்ற வரிசையில் கலெக்டருக்குக் கீழே கொண்டுபோனது. 1859-ல் மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் சட்டம் வந்தது.

அரண்மனைக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. எட்டயபுரம் ஜமீன், 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை நின்றது. காவல்காரருக்கோ வேலையே போய்விட்டது. சட்டம் எடுத்துவிட்டது என்பதால் அந்த வேலை உடனே மறைந்துவிடவும் இல்லை. "எங்க தாத்தா காலத்துல கூட காவக்கூலி வாங்க வருவாக தம்பி. குடுக்கலைன்னா பருத்தி வீடு வந்து சேராதுன்னு சொல்லுவாக" என்று விளாத்திகுளம் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். முன்பு அது உரிமை. சட்டம் மாறிய பிறகு அதே செயல் குற்றம்.

தென்மாவட்டங்கள் முழுவதற்கும் பார்த்தால் கதை இன்னும் கசப்பானது. காவலைத் தொழிலாகக் கொண்ட சாதிகளில் சிலவற்றை, 1911-ன் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து, கைரேகை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்கச் சொன்னது அரசாங்கம். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அதை எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது. சுட்டது போலீஸ். நூறு வருஷத்துக்கு முன் அந்த மண்ணில் போலீஸ் என்றால் யாரோ, அவர்களின் பேரப்பிள்ளைகள் மேலேயே.

*

போலீஸ்காரர் போருக்குப் போனால் அவர் யார் என்ற கேள்விக்கு உலகம் இன்றும் தடுமாறிக்கொண்டுதான் பதில் சொல்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையில் 43-ஆவது பிரிவு ஒன்றிருக்கிறது. துணை ராணுவத்தையோ ஆயுதக் காவல்படையையோ ஒரு நாடு தன் ராணுவத்தோடு சேர்த்தால், அதை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. காரணம் எளிது. போர்வீரர் என்றால் அவரைச் சுடலாம். பிடித்தால் போர்க்கைதியாக நடத்த வேண்டும். காவலர் என்றால் இரண்டும் பொருந்தாது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை.

நம் எல்லையிலும் இந்தக் குழப்பம் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையின் குண்டுக்குப் பலியான பத்து பேரும் காவலர்கள். அந்த நாளைத்தான் இன்று காவலர் வீரவணக்க நாளாக அனுசரிக்கிறோம். 1965 ஏப்ரலில் கட்ச் ரண்ணின் சர்தார் நிலையில் பாகிஸ்தான் ராணுவத்தை முதலில் எதிர்கொண்டது மத்திய ரிசர்வ் போலீஸ். அந்த வருஷம் டிசம்பர் 1-ல் எல்லைப் பாதுகாப்புப் படை உருவானது. இவர்களுக்காவது எண் இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, கல்லில் பெயர் இருக்கிறது.

எட்டயபுரத்து ஆட்களுக்கு இவர்களைவிட நெருங்கிய சொந்தம் சத்தீஸ்கரின் பஸ்தரில் இருக்கிறது. 2005-ல் சல்வா ஜுடும் தொடங்கியபின், மாவோயிஸ்டுகளுக்கு எதிரான நடவடிக்கையில் மத்தியப் படைகளோடு போக, மாநில அரசு ஆதிவாசி இளைஞர்களைச் சிறப்புப் போலீஸ் அதிகாரிகளாக நியமித்தது. 'அதிகாரி' என்பது பெயரில்தான். மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியம். உச்ச நீதிமன்றத்தில் அரசு சொன்ன நியாயத்தைப் பாருங்கள்: இவர்களுக்குக் காடு தெரியும், பாஷை தெரியும், ஊரில் யார் யார் என்று தெரியும். 1801-ல் கம்பெனி அதிகாரி ஒருவர் எட்டயபுரத்தைப் பற்றி எழுதியிருந்தால் இதையேதான் எழுதியிருப்பார்.

2011 ஜூலை 5 அன்று நீதிபதிகள் சுதர்சன் ரெட்டியும் நிஜ்ஜாரும் அந்த ஏற்பாடு அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார்கள். துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பில் என்னை நிறுத்தியது இந்தக் கவலை: ஊருக்கு எதிராக ஒருமுறை ஆயுதம் தூக்கியவனிடமிருந்து அதை வாங்கிவிட்டால் அவன் எங்கே போவான்? சொந்த ஊரில் அவன் துரோகி. முகாமில் அவன் தற்காலிக ஊழியன். மாநில அரசு அதே ஆண்டில் துணை ஆயுதக் காவல்படை என்று புதுச் சட்டம் கொண்டுவந்து அவர்களை வேறு பெயரில் உள்ளே எடுத்துக்கொண்டது.

*

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை இருக்கிறது. அந்தப் பக்கமே இந்தப் போர்களில் செத்த ஆங்கிலேயர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. இரண்டு தரப்புக்கும் நினைவுச்சின்னம் உண்டு. எட்டயபுரத்திலிருந்து போய்ச் செத்தவர்களுக்கு இரண்டு இடத்திலும் கல் இல்லை. கம்பெனிக் கணக்கில் அவர்கள் உதவிக்கு வந்த கூட்டம், நம் கணக்கில் எட்டப்பன் கூட்டம்.

அவர்களுக்குச் சிலை வைக்கச் சொல்லவில்லை. கோலார்பட்டியில் அவர்கள் செய்தது செய்ததுதான். ஆனால் 'எட்டப்பன்' என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடைக்கும்போது, ஓர் ஏற்பாட்டை ஒரு மனிதனின் புத்தியாகச் சுருக்கிவிடுகிறோம். கெட்ட புத்திக்காரன் ஒருவன் இருந்தான், செத்தான், கதை முடிந்தது என்று நிம்மதியாக எழுந்து போய்விடலாம். ஏற்பாடு அப்படிச் சாகவில்லை. பெரிய படைக்கு ஊர் தெரியாதபோது ஊர் தெரிந்தவனைத் தேடும், அவன் பழைய பகையைக் கூலிக்கு எடுக்கும், நிலத்தையும் பட்டத்தையும் அவன் தலைவனுக்குக் கொடுக்கும், வேலை முடிந்ததும் அவன் ஆயுதத்தைத் திரும்ப வாங்கும்.

'பாதுகாப்புப் படையினருக்கு உள்ளூர் இளைஞர்கள் உதவினர்' என்று செய்தியில் ஒரு வரி அடிக்கடி வருகிறது. இப்போதெல்லாம் அந்த வரியை என்னால் சும்மா தாண்டிப் போக முடிவதில்லை. அந்த இளைஞர்களுக்கு என்ன சம்பளம், யாரோடு யாருக்கு இருந்த பகையால் அவர்கள் போனார்கள், படை கிளம்பிப் போன பிறகு அவர்கள் எந்த ஊரில் போய்ப் படுப்பார்கள் என்று தேடிப் பார்க்கிறேன். மூன்றாவது கேள்விக்கு அநேகமாக எந்தச் செய்தியிலும் பதில் இருப்பதில்லை.